மறுபடி வந்தவர் அவர்தானா?

செய்தித் தளம் ஒன்றின் முகப்பை ஒரு வாசகர் திறக்கிறார். அவருக்கு அது ஒரே செயல், விரலால் ஒரு தட்டு. மறுமுனையில் இருக்கும் சர்வருக்கோ அந்தத் தட்டு பல கோரிக்கைகளாக வந்து சேருகிறது. பக்கத்துக்கு ஒன்று, படம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, எழுத்துருவுக்கு ஒன்று, நிரல் கோப்புகளுக்குச் சில. இவை எல்லாம் ஒரே ஆளிடமிருந்து வந்தவை என்பதை எச்டிடிபி என்னும் நெறிமுறை சர்வருக்குச் சொல்வதில்லை. கோரிக்கை வரும், பதில் போகும், அதோடு கணக்குத் தீர்ந்தது. அடுத்த கோரிக்கை வாசலில் நிற்கும்போது முந்தையது நடந்ததன் தடயமே நெறிமுறைக்குள் கிடையாது.

இது குறைபாடாக விட்டுப்போனதில்லை. செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை வடிவமைத்தபோது ஆவணங்களைப் பகிர்வதுதான் நோக்கம். ஆவணம் கேட்பவரை நினைவில் வைத்திருக்க வேண்டிய தேவை அன்று இருக்கவில்லை. யாரையும் நினைவில் வைக்காத சர்வர் சுமையில்லாமல் இருக்கும், விழுந்தாலும் உடனே எழுந்துகொள்ளும், ஒன்றின் வேலையை இன்னொன்று எடுத்துச் செய்யும். மறதியே அதன் பலம்.

ஆனால் மறதியின் மேல் கடை நடத்த முடியாது. சட்டை ஒன்றைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனவரை, சட்டை எடுத்தவர் இவர்தான் என்று கடைக்காரர் அறிய வேண்டும். நொடிக்கு நொடி அறுந்துபோகும் நிகழ்வுகளுக்கு நடுவே ‘இவர் அவரே’ என்று சொல்வது எப்படி? வலைக்கு இந்தக் கேள்வி 1994-இல் வந்தது. தத்துவத்துக்கு அது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்றின் வெளிச்சம் மற்றதன் மேல் விழுகிறது. நிரல் எழுதுபவர்கள் தினமும் எடுக்கும் சிறு முடிவுகளுக்குள் எவ்வளவு பெரிய விவாதம் அடங்கியிருக்கிறது என்பதும் தெரிகிறது.

பௌத்தம் முன்வைத்த கணபங்க வாதம் இதுதான்: இருப்பவை எல்லாம் கணத்துக்குக் கணம் தோன்றி அழிகின்றன. நிலைத்த பொருள் எதுவுமில்லை, நிலைத்த ஆன்மாவும் இல்லை. நேற்றைய மனம் வேறு, இன்றைய மனம் வேறு. தமிழ் மண்ணுக்கு இந்த விவாதம் அந்நியமன்று. மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்த தருமம் கேட்கிறாள். சமணக் காப்பியமான நீலகேசியின் நாயகி பௌத்த ஆசிரியர்களைத் தேடிப்போய் ஒவ்வொருவராக வாதில் எதிர்கொள்கிறாள். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம், பௌத்தத்தின் நான்கு பிரிவுகளையும் தனித்தனியே எடுத்து மறுக்கிறது.

மறுப்பவர்கள் எல்லோர் கையிலும் இருந்த கூர்மையான ஆயுதம் நினைவுதான். கணந்தோறும் எல்லாம் அழிகிறது என்றால் நேற்றுக் கண்டதை இன்று நினைப்பது யார்? நேற்றுக் கடன் வாங்கியவர் அழிந்துவிட்டார் என்றால் இன்று திருப்பித் தர வேண்டியவர் யார்? வினை செய்தவர் ஒருவர், பயன் அனுபவிப்பவர் வேறொருவர் என்றாகிவிடாதா? நியாய மரபின் மூல நூலான நியாய சூத்திரம் இந்த வாதத்தை வேறொரு கோணத்திலிருந்து தொடங்குகிறது: கண்ணால் கண்ட பொருளையே இப்போது கையால் தொடுகிறேன் என்று ஒருவர் உணர்கிறார். கண்டதும் தொட்டதும் இரண்டு நிகழ்வுகள். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஒருவர் நடுவில் இல்லாமல் அந்த உணர்வு எழாது.

கடன், வினை, பயன் என்பவற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கூடை, சட்டை, பணம் என்று வைத்தால் 1994-இல் பிரவுசர் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பேசப்பட்ட பிரச்சினை கிடைத்துவிடும். எம்சிஐ என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்காக நெட்ஸ்கேப் ஒரு இணைய வணிகச் செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தது. பாதியில் நிற்கும் பரிவர்த்தனைகளைத் தன் சர்வரில் சேர்த்து வைக்க எம்சிஐ விரும்பவில்லை. அப்படியானால் பாதிக் கூடையை யார் வைத்திருப்பது? அப்போது 23 வயதான நெட்ஸ்கேப் நிரலாளர் லூ மாண்டுல்லி கண்ட விடை, வாடிக்கையாளரின் பிரவுசரிடமே அதைக் கொடுத்துவைப்பது. சர்வர் தன் பதிலோடு ‘செட்-குக்கீ’ என்று ஒரு வரி சேர்த்து ஒரு பெயரையும் மதிப்பையும் அனுப்புகிறது. பிரவுசர் அதைச் சேமித்துக்கொள்கிறது. அதே தளத்துக்கு அடுத்துப் போகும் ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்த வரியைத் திருப்பிக் காட்டுகிறது. ஜான் ஜியானாண்ட்ரியாவோடு சேர்ந்து மாண்டுல்லி எழுதிய முதல் விவரக்குறிப்பு சில பக்கங்களே கொண்டது. அந்த ஆண்டு அக்டோபரில் வெளியான நெட்ஸ்கேப் பிரவுசரின் சோதனைப் பதிப்பிலேயே குக்கீ இருந்தது. நெட்ஸ்கேப்பின் சொந்தத் தளத்துக்கு வருபவர் முன்பே வந்தவரா என்று பார்ப்பதுதான் அதன் முதல் பயன்பாடு.

கணபங்க வாதிகள் தங்கள் எதிரிகளுக்குச் சொன்ன விடையும் ஏறக்குறைய இதுவே. நிலைத்த ஆள் தேவையில்லை, முந்தைய கணம் தன் வாசனையை, அதாவது தன் பதிவை, அடுத்த கணத்தில் ஏற்றிவிட்டு அழிகிறது, அந்த வாசனை கைமாறிக் கைமாறிப் போவதால் நினைவு சாத்தியமாகிறது என்றார்கள். மிலிந்தன் கேள்விகள் என்ற பாலி நூலில் நாகசேனர் ஒரு விளக்கைச் சுட்டுகிறார். முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைசிச் சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா? ஒன்றென்றும் சொல்ல முடியாது, வேறென்றும் சொல்ல முடியாது. ஒன்றைப் பற்றி ஒன்று எரிந்துவரும் தொடர்ச்சி மட்டுமே உண்டு. பத்து மணிக்கு வந்த கோரிக்கையும் பத்தேகாலுக்கு வந்த கோரிக்கையும் அப்படித்தான். இரண்டுக்கும் பொதுவாக உள்ளே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரே குக்கீ மதிப்பு இரண்டிலும் வந்திருக்கிறது, அவ்வளவே.

இங்கே நிரலாளர்கள் எல்லோரும் ஒருமுறையாவது தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு குக்கீயை அமைக்கும் கட்டளையை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே அதைப் படிக்க முயன்றால் எதுவும் வராது. இந்தக் கோரிக்கையில் பிரவுசர் கொண்டுவந்தது எதுவோ அதை மட்டுமே நிரல் காண முடியும். இப்போது அனுப்பப்படும் குக்கீ அடுத்த வருகையில்தான் தெரியவரும். அதுவும், பிரவுசர் ஏற்றுக்கொண்டிருந்தால். ‘இதை நினைவில் வைத்துக்கொள்’ என்று சொன்ன கணத்தில், அது கேட்கப்பட்டதா இல்லையா என்பதைச் சர்வர் அறிய வழியில்லை. குக்கீ பிடிக்கிறதா என்று சோதிக்க விரும்பும் தளங்கள் ஒன்றைக் கொடுத்து, பயனரை இன்னொரு முகவரிக்குத் திருப்பி அனுப்பி, கொடுத்தது திரும்பி வருகிறதா என்று பார்க்கின்றன. சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிச் சொல்லும் ஒரு செய்தி இங்கே பொருத்தமாக நினைவுக்கு வருகிறது. உயிர் தானாக அறிவதில்லை, அறிவித்தால் அறியும். சர்வரும் அறிவித்தால்தான் அறியும். ஆனால் சித்தாந்தத்தின் உயிர் தான் சார்ந்ததன் தன்மையை ஏற்று மாறுகிறது. சர்வரின் நெறிமுறையில் அந்த ஏற்பு இல்லை. அறிவித்ததும் பதில் சொல்லிவிட்டு, பழையபடி வெறுமையாகிறது.

அப்படியானால் நினைவு எங்கே இருக்கிறது? சர்வரிடமா, வருபவரிடமா?

தொடக்ககால நிரல்களில் விவரம் முழுவதையும் குக்கீயிலேயே எழுதிவைத்தார்கள். கூடையில் என்ன இருக்கிறது, பயனர் பெயர் என்ன என்பதெல்லாம் பிரவுசரில் திறந்த எழுத்தாகக் கிடந்தன. சில கடைகளில் பொருளின் விலைகூட வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்தது. அதைத் திருத்தி, தாங்களே விலை வைத்துப் பொருள் வாங்கியவர்கள் உண்டு. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் சர்வர் நிரலாக்கத்தின் தலையாய விதி: வெளியிலிருந்து வரும் எதையும் நம்பாதே, நீயே கொடுத்தனுப்பியது திரும்பி வந்தாலும் நம்பாதே.

நியாயவாதிகள் இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார்கள். அறிவைத் தரும் பிரமாணங்கள் என்று அவர்கள் ஏற்றவை நான்கு: காட்சி, அனுமானம், உவமானம், ஆப்த வாக்கு. நினைவு அந்தப் பட்டியலில் இல்லை. நினைவு புதிதாக எதையும் அறிவிப்பதில்லை, முன்பு பெற்ற அறிவை மறுபடி எழுப்புகிறது. முதல் அறிவு சரியாக இருந்தால் நினைவும் சரி, அது பிழையென்றால் இதுவும் பிழை. ஆகவே நினைவின் மேல் பாரத்தை ஏற்றும் முன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. இன்றைய நிரலாளர் செய்வதும் அதுவே. ஃபிளாஸ்க் போன்ற கருவிகள் செஷன் விவரத்தை, அதாவது ஒருவரின் தொடர் வருகைகளைக் கோக்கும் தகவலை, குக்கீயில் வைத்து, சர்வருக்கு மட்டுமே தெரிந்த ரகசியத் திறவுகோலால் முத்திரையிடுகின்றன. வைத்திருப்பவர் அதைப் படிக்கலாம், மாற்ற முடியாது. ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. பிஎச்பி, ஜாவா ஆகியவற்றின் வழக்கமான செஷன் முறையில் குக்கீயில் இருப்பது ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எண் மட்டும். விவரம் சர்வர் பக்கத்தில் நினைவகத்திலோ ஒரு கோப்பிலோ தரவுத்தளத்திலோ இருக்கிறது. எண் இல்லாமல் விவரத்தைத் தேடி எடுக்க முடியாது, விவரம் இல்லாமல் எண்ணுக்குப் பொருள் கிடையாது. நினைவு இருவரிடமும் பாதிப் பாதியாக இருக்கிறது. இதை மாண்டுல்லி வடிவமைத்த ஏற்பாட்டின் மிக அழகான விளைவு என்றே சொல்ல வேண்டும்.

மேலை மரபில் நினைவையும் ஆளையும் இறுக முடிச்சுப் போட்டவர் ஜான் லாக். அவருடைய ‘மனித அறிவு குறித்த கட்டுரை’யின் இரண்டாம் பதிப்பில் சேர்ந்த ஓர் அத்தியாயம் ஆளின் அடையாளத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆண்டு 1694, குக்கீக்குச் சரியாக 300 ஆண்டுகள் முன்பு. ஓர் இளவரசனின் ஆன்மா அவனுடைய கடந்தகால உணர்வையெல்லாம் சுமந்துகொண்டு ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் உடலுக்குள் புகுந்துவிட்டால், அந்த உடலில் இருப்பவர் யார்? மனிதன் என்ற அளவில் தொழிலாளிதான், ஆள் என்ற அளவில் இளவரசன் என்றார் லாக். கடந்த செயல்களைத் தன்னுடையவை என்று உணர்வு எதுவரை எட்டிப் பிடிக்கிறதோ அதுவரை அதே ஆள்.

சர்வர்கள் லாக்கின் இந்தத் தீர்ப்பை அப்படியே சட்டமாக்கிக்கொண்டன. செஷன் எண்ணை யார் காட்டுகிறாரோ அவரே அந்த ஆள். அதன் விலை 2010 அக்டோபரில் எல்லோருக்கும் தெரிந்தது. எரிக் பட்லர் என்ற நிரலாளர் ஃபயர்ஷீப் என்ற ஒரு ஃபயர்ஃபாக்ஸ் இணைப்பை வெளியிட்டார். பூட்டில்லாத வைஃபை இருக்கும் காபிக் கடையில் அதை இயக்கினால், அதே வைஃபையில் ஃபேஸ்புக்கையோ ட்விட்டரையோ பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். ஒரு பெயரைச் சொடுக்கினால் போதும், சொடுக்கியவர் அந்த ஆளாகிவிடுவார். கடவுச்சொல் எதையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. லாகின் பக்கத்தை மட்டும் மறையாக்கம் செய்துவிட்டு, அதன்பின் குக்கீயைத் திறந்த காற்றில் அனுப்பும் பழக்கம் பல தளங்களில் இருந்தது. ஃபயர்ஷீப் அந்தக் குக்கீயைப் பிடித்துத் திருப்பிக் காட்டியது, அவ்வளவுதான். அடுத்த சில மாதங்களில் ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் முழுநேர மறையாக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொண்டுவந்தன.

லாக் இதைக் கேட்டிருந்தால், தான் பேசியது உள்ளிருந்து உணரும் உணர்வைப் பற்றி, கையில் வைத்திருக்கும் சீட்டைப் பற்றியல்ல என்று சொல்லியிருப்பார். நியாயமான வாதம்தான். குக்கீயில் உள்ள எண்ணை அதன் சொந்தக்காரரே படித்ததில்லை. பிரவுசரில் அது இருப்பதுகூடப் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆனால் வெளியில் நிற்பவருக்கு உணர்வு ஒருபோதும் கிடைக்காது, அடையாளம் மட்டுமே கிடைக்கும் என்பதும் உண்மை. சர்வர் என்றும் வெளியில் நிற்பது.

ஒரு குக்கீக்கு ஒரு ஆள் என்ற கணக்கும் பொருந்துவதில்லை. தமிழ்நாட்டின் ஊர்களில் பிரவுசிங் சென்டர்கள் நிறைந்திருந்த காலத்தில் ஒரே கணினியில் காலையில் வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர், மதியம் தேர்வு முடிவு பார்க்க வந்த பள்ளி மாணவி, மாலையில் வெளிநாட்டிலிருக்கும் மகனோடு பேச வந்த பெற்றோர் என்று பலர் உட்கார்ந்தார்கள். குக்கீகளை அழிக்காதவரை விளம்பர சர்வருக்கு அவர்கள் எல்லோரும் ஒரே ஆள். இன்று கைப்பேசி, மடிக்கணினி, அலுவலகக் கணினி என்று மூன்றிலும் புழங்கும் ஒருவர் மூன்று ஆட்கள். தாமஸ் ரீட் 1785-இல் லாக்குக்கு எதிராக ஒரு படைத்தலைவரைக் கற்பனை செய்தார். சிறுவனாகப் பழத்தோட்டத்தில் திருடி அடி வாங்கியவர், இளம் அதிகாரியாக எதிரியின் கொடியைக் கைப்பற்றியவர், முதுமையில் தளபதி. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, அடி நினைவில்லை. அதிகாரிக்கு அடி நினைவிருந்தது. நினைவே ஆள் என்றால் தளபதியும் சிறுவனும் ஒருவரா, வேறா? வருகைதோறும் செஷன் எண்ணைப் புதுப்பித்துக்கொண்டே போகும் தளங்களில் இந்தப் படைத்தலைவர் தினமும் நடமாடுகிறார். இன்றைய எண்ணுக்கு நேற்றைய எண்ணோடு தொடர்புண்டு, நேற்றையதற்கு அதற்கு முந்தையதோடு உண்டு. முதல் எண்ணை இன்று காட்டினாலோ சர்வர் அதை அறியாது.

பௌத்த ஆசிரியர் வசுபந்துவிடம் எதிர்த்தரப்பு கேட்ட ஒரு கேள்வி இதைவிடக் கூர்மையானது. நிலைத்த ஆன்மா இல்லாமல் ஒரு மனம் கண்டதை வேறொரு மனம் நினைக்க முடியுமென்றால், தேவதத்தன் கண்டதை யக்ஞதத்தன் ஏன் நினைப்பதில்லை? இருவரின் மனங்களுக்கு இடையே காரண காரியத் தொடர்பு இல்லை என்பதே வசுபந்துவின் விடை. ஒரே தொடரில் உள்ள முன்கணமும் பின்கணமும் மட்டுமே ஒன்றையொன்று பிறப்பிக்கின்றன. சர்வர் உலகில் இந்த விடை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2015 கிறிஸ்துமஸ் நாள் காட்டியது. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையின் மேல் தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோது, சுமையைக் குறைக்கச் செய்த இடைச்சேமிப்பு அமைப்பில் ஒரு பிழை நேர்ந்தது. ஒருவருக்காகத் தயாரித்த பக்கம் சேமிக்கப்பட்டு இன்னொருவருக்குப் போனது. தங்கள் கணக்கைத் திறந்தவர்கள் முன்பின் தெரியாதவர்களின் மின்னஞ்சல் முகவரியையும் வாங்கிய பொருள்களையும் கண்டார்கள். ஏறத்தாழ 34,000 பேரின் பக்கங்கள் அப்படிக் கசிந்திருக்கலாம் என்று நிறுவனம் பின்னர் அறிவித்தது. யக்ஞதத்தன் தேவதத்தனின் நினைவோடு விழித்துக்கொண்ட ஒன்றரை மணி நேரம் அது.

இதுவரை சொன்னதிலிருந்து, நினைவை வைத்து ஆளை அறிய முடியாது, ஆகவே நிலைத்த அடையாளம் ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சிலர் முடிவு கட்டலாம். அந்த முடிவு தவறானது. சர்வருக்குப் பெரும்பாலான வேலைகளில் ஆளே தேவையில்லை. கூடையில் சட்டையைப் போட்டவரும் பணம் கட்ட வருபவரும் ஒரே தொடர்ச்சியைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தால் போதும். அவர் பெயர், ஊர், வயது, சென்ற வாரம் எந்த மருத்துவக் குறிப்பைப் படித்தார் என்பதெல்லாம் சட்டைக்குத் தேவையில்லாதவை. மொழித் தேர்வை நினைவில் வைப்பதற்கும் எழுத்தின் அளவை நினைவில் வைப்பதற்கும் ஆள் வேண்டாம். இந்த இடங்களில் பௌத்தர் பக்கமே சரி.

தொடர்ச்சி மட்டுமே இருந்தால் பொறுப்பு கரைந்துவிடும் என்ற அச்சத்துக்கும் நாகசேனர் விடை வைத்திருக்கிறார். மாம்பழம் திருடியவன், ‘இவர் நட்டது வேறு மாங்கொட்டை, நான் எடுத்தது வேறு பழம்’ என்று வாதிட்டால் அரசன் விடமாட்டான். அந்தக் கொட்டையிலிருந்து வந்ததுதான் இந்தப் பழம் என்ற தொடர்பே தண்டிக்கப் போதும். ஆனால் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது நியாயவாதியின் கேள்வி தலைதூக்குகிறது. கண்டவரும் தொடுபவரும் ஒருவரா என்று அங்கே உண்மையாகவே கேட்க வேண்டும். அதனால்தான் கடவுச்சொல்லும், அதன்மேல் கைப்பேசிக்கு வரும் ஓடிபியும். அதனால்தான் லாகின் ஆன அந்தக் கணத்தில் பழைய செஷன் எண்ணை வீசிவிட்டுப் புதிய எண் கொடுக்க வேண்டும் என்று நல்ல நிரலாளர்கள் வற்புறுத்துகிறார்கள். அதுவரை தொடர்ச்சியாக இருந்தது அந்த இடத்தில் ஆளாகிறது. இரண்டுக்கும் ஒரே சீட்டைப் பயன்படுத்தினால், முன்பே அந்தச் சீட்டைத் தெரிந்து வைத்திருந்த திருடனும் கூடவே உள்ளே வந்துவிடுவான்.

மாண்டுல்லிக்கு இந்த வேறுபாடு தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. எளிய வழி ஒன்று அவர் முன் இருந்தது: பிரவுசர் ஒவ்வொன்றுக்கும் மாறாத ஓர் அடையாள எண் கொடுத்து, எல்லாத் தளங்களுக்கும் அதையே காட்டச் செய்வது. அப்படிச் செய்தால் ஒருவர் போகுமிடமெல்லாம் பின்தொடர முடியும் என்பதற்காகவே அந்த வழியைத் தவிர்த்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு தளம் கொடுத்த குக்கீ அந்தத் தளத்துக்கு மட்டுமே திரும்பும் என்ற விதி அந்த அக்கறையிலிருந்து வந்தது. நினைவு இருவருக்கு இடையே நிற்பது, மூன்றாமவருக்கு அதில் பங்கில்லை. வலையின் வரலாற்றில் இவ்வளவு சிறிய ஒரு விதியில் இவ்வளவு அறம் அடங்கிய இடம் அரிது.

ஆனால் அந்த விதியில் ஒரு சந்து இருந்தது. பக்கத்துக்குள் வரும் விளம்பரப் படம் வேறொரு சர்வரிலிருந்து வருகிறது, அந்தச் சர்வரும் தன் குக்கீயைக் கொடுக்கலாம். அதே விளம்பர நிறுவனத்தின் படம் ஆயிரம் தளங்களில் இருந்தால், ஆயிரம் தளங்களிலும் அந்தக் குக்கீ அதே நிறுவனத்துக்குத் திரும்பும். டபுள்கிளிக் போன்ற நிறுவனங்கள் இதன் மேல் தொழிலைக் கட்டின. 1996 பிப்ரவரியில் ஃபைனான்சியல் டைம்ஸ் எழுதிய பிறகுதான் தங்கள் கணினியில் இப்படி ஒன்று இருப்பதே பொதுமக்களுக்குத் தெரிந்தது. 1997 பிப்ரவரியில் டேவிட் கிறிஸ்டலும் மாண்டுல்லியும் எழுதி வெளியான ஆர்எஃப்சி 2109 என்ற தரநிலை, இத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கீகள் இயல்பிலேயே ஏற்கப்படக் கூடாது என்றது. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்ட்டும் அந்தப் பகுதியைப் பின்பற்றவில்லை. 2007-இல் டபுள்கிளிக்கை வாங்கக் கூகுள் ஒப்புக்கொண்ட விலை 310 கோடி டாலர்.

இங்கே நடந்தது தொழில்நுட்பப் பிழை என்பதைவிடத் தத்துவப் பிழை என்பதே பொருத்தம். தொடர்ச்சி போதுமான இடத்தில் ஆளைத் தேடினார்கள். கணத்துக்குக் கணம் மாறும் ஒரு மனத்தின் சிதறிய தடயங்களைச் சேர்த்து, ‘இவர் இப்படிப்பட்டவர்’ என்று நிலைத்த ஓர் உருவத்தைச் செய்து விற்றார்கள். நள்ளிரவில் ஒரு நோயின் பெயரைத் தேடியவர் மறுநாள் வேறு மனிதராக எழுந்திருக்கலாம். தேடியது தனக்காகவே இல்லாமலும் இருக்கலாம். அந்த உருவம் அவரை விடாது. ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் நினைவு அவருக்குள் மங்கவும் மாறவும் செய்யும், அதனால்தான் அவரால் திருந்தவும் மன்னிக்கவும் முடிகிறது. அவரைப் பற்றி மூன்றாமவர் வைத்திருக்கும் கோப்பு அப்படி மங்குவதில்லை.

இந்தப் பிழையைத் திருத்தும் முயற்சி பிரவுசர்களிடமிருந்து வந்தது. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுதாகத் தடுத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனில் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிக் குக்கீப் பெட்டி கொடுத்து, ஒன்றில் போட்டது இன்னொன்றில் தெரியாதபடி செய்தது. கூகுள் 2020 ஜனவரியில், இரண்டே ஆண்டுகளில் குரோமிலிருந்து அவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டது. பயனரிடம் தனியே கேட்பதாகச் சொன்ன திரையும் வராது என்று 2025 ஏப்ரலில் அறிவித்தது. ஃபயர்ஃபாக்ஸ் செய்ததே கொள்கையளவில் சரியான வழி. நினைவு எந்த உறவுக்குள் பிறந்ததோ அந்த உறவுக்குள்ளேயே அடைத்து வைக்கிறது.

மறத்தலோ நினைவைவிடச் சிக்கலானது. பிரவுசரில் இருக்கும் குறிப்பிட்ட ஒரு குக்கீயை மட்டும் அழிக்கும் தனிக் கட்டளை சர்வரிடம் இல்லை. அதே பெயரில், அதே பாதையும் டொமைனும் குறித்து, காலாவதித் தேதியை மட்டும் கடந்த காலத்தில் வைத்து இன்னொரு குக்கீ அனுப்ப வேண்டும். பல நிரல்களில் அந்தத் தேதி 1970 ஜனவரி 1. ‘இது முன்பே முடிந்துபோனது’ என்ற செய்தியைப் பெற்றுப் பிரவுசர் அதை நீக்கிவிடும். பாதையில் ஓர் எழுத்து மாறினாலும் பழையது அப்படியே இருக்கும். பயனர் லாகவுட் ஆனதாக நம்பிப் போய்விடுவார். முத்திரையிட்ட டோக்கனை மட்டும் நம்பி, சர்வர் பக்கத்தில் எதையும் சேமிக்காத அமைப்புகளில் சிக்கல் இன்னும் கூடுதல். கொடுத்த டோக்கனைக் காலம் முடியும் முன் செல்லாததாக்க வேண்டுமென்றால், செல்லாத டோக்கன்களின் பட்டியல் ஒன்றைச் சர்வர் வைத்திருக்க வேண்டும். நினைவே வேண்டாம் என்று கட்டிய சர்வர் மறப்பதற்காக நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதே முடிச்சு சட்டத்திலும் விழுந்திருக்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் பிளானட்49 வழக்கில், முன்கூட்டியே டிக் செய்து வைத்த பெட்டி சம்மதமாகாது என்று தீர்ப்பளித்தது. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், ஏற்பதற்கு ஒரே சொடுக்கும் மறுப்பதற்குப் பல சொடுக்குகளும் வைத்ததற்காகக் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் வெளியிட்டது. மறுக்கும் பொத்தான் இப்போது பல தளங்களில் ஏற்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. அதை அழுத்தியதும் நடப்பது என்ன? ‘இவர் வேண்டாம் என்றார்’ என்ற செய்தியைத் தளம் ஒரு குக்கீயில் எழுதிவைக்கிறது, இல்லாவிட்டால் அடுத்த பக்கத்திலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டிவரும். விளம்பர நிறுவனங்கள் வழங்கும் விலகல் வசதியும் நெடுங்காலமாகக் குக்கீயாகவே இருந்துவருகிறது. தன் தடயங்களை அழிக்க விரும்பி எல்லாக் குக்கீகளையும் துடைத்துவிடுபவர் தன் மறுப்பையும் சேர்த்தே துடைத்துவிடுகிறார். மறுநாள் அவர் வரும்போது சர்வருக்கு அவர் புதியவர், கேள்வித் திரை மறுபடி எழுகிறது. மறுப்பைச் சொல்லும் குக்கீயில் ஆளைச் சுட்டும் எண் எதுவும் இல்லாமல் ‘வேண்டாம்’ என்ற ஒற்றை மதிப்பை மட்டும் எழுதினால் போதும். கோடிப் பேர் அதே மதிப்பைச் சுமந்து வந்தாலும் அவர்களில் ஒருவரையும் தனியே பிரித்தறிய முடியாது. எழுதும் நிரலாளருக்கு அது ஒரே வரி வேலை.